குழந்தையின் கண் சிவந்தால்: கண்வலியை அடையாளம் காண்பதும் கவனிப்பதும்

தூங்கி எழுந்த குழந்தை ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் கசக்குகிறது. இமைமயிர்களில் மஞ்சள் நிறப் பீளை காய்ந்து ஒட்டியிருக்கிறது. மெல்லப் பிரித்துப் பார்த்தால் வெண்விழி சிவந்திருக்கிறது. முதன்முறையாகக் குழந்தை வளர்ப்பவர்களை இது திடுக்கிட வைக்கும். மெட்ராஸ் ஐ என்றும் கண்வலி என்றும் நாம் சொல்லும் இந்த நோய், குழந்தைப் பருவத்தில் மிகச் சாதாரணமாக வருவது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பார்வைக்கு எந்தக் குறையும் வைக்காமல் ஓரிரு வாரங்களில் ஆறிவிடுவது. ஆனால் வேறு சில நோய்களும் இதே சிவப்போடுதான் தொடங்குகின்றன, அவற்றுள் சில ஒரு நாள் தாமதத்தைக்கூடப் பொறுக்காதவை. ஆகவே சொட்டு மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன்னால், அந்தக் கண்ணை எப்படிப் பார்ப்பது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முதலில் அதைத்தான் சொல்லித்தருகிறது.

வெண்விழியின் மேலும் இமைகளின் உட்பக்கத்திலும் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம் படர்ந்திருக்கிறது. கிருமித் தொற்றோ, ஒவ்வாமையோ, புகை, சோப்பு, நீச்சல் குளத்துக் குளோரின் போன்ற உறுத்தும் பொருள்களோ அதைத் தாக்கும்போது, அதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவப்பாகத் தெரிகிறது; நீரும் பீளையும் வருகின்றன. கருவிழி இந்தப் படலத்தால் மூடப்படுவதில்லை. சாதாரணக் கண்வலியில் கருவிழி தெளிவாகவும் பார்வை பழையபடியும் இருப்பதற்கு அதுவே காரணம்.

முதல் படி: வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, பகல் வெளிச்சம் வரும் சன்னல் அருகே குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை விரலால் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம். இமை ஒட்டியிருந்தால், கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் நனைத்த பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் மூடிய இமையின் மேல் வைத்தால் பீளை ஊறி, தானே விட்டுக்கொடுக்கும். பிறகு கீழிமைக்குச் சற்றுக் கீழே கன்னத்துத் தோலை மென்மையாக இழுத்தால் இமையின் உட்புறம் தெரியும். அங்கேயும் வெண்விழியிலும் ஒரே சீராகச் சிவப்பு பரவியிருந்தால் அது பெரும்பாலும் சாதாரணக் கண்வலி. கருவிழியைச் சுற்றி மட்டும் வளையம் கட்டியதுபோல் சிவப்பு அடர்ந்திருந்தால், கோளாறு கண்ணின் உள்ளே இருக்கக்கூடும்; அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்துக் கருவிழியைக் கவனியுங்கள். அதில் வெள்ளைப் புள்ளியோ மங்கலோ இல்லாமல் பளபளப்பாக இருக்க வேண்டும். நடுவிலுள்ள கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில், கறுப்பாக இருக்க வேண்டும். இமைத் தோலில் கொப்புளம் உண்டா, கண்ணைச் சுற்றி வீக்கம் எவ்வளவு, தூசியோ துரும்போ உள்ளே தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி ஒரு சிறு பொம்மையைக் காட்டி, மற்றக் கண்ணால் அதைப் பின்தொடர்கிறதா என்று சோதியுங்கள். பேசத் தெரிந்த குழந்தையிடம், வலிக்கிறதா, அரிக்கிறதா, மண் விழுந்ததுபோல் உறுத்துகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பொருள் வேறு வேறு. கடைசியாக உடல் சூட்டை அளந்து, சளி, இருமல், தொண்டை வலி, காது வலி உண்டா என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: எந்த வகை என்று ஊகியுங்கள்

வைரஸால் வரும் கண்வலியில் அடினோ வைரஸின் பங்கே பெரிது. முதலில் ஒரு கண் சிவந்து, தண்ணீராக ஒழுகி, ஓரிரு நாளில் மற்றக் கண்ணுக்கும் பரவும். சளியும் தொண்டை வலியும் கூடவே இருக்கலாம். காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தால் சிறு நெறி கட்டியிருக்கலாம். காய்ச்சல், தொண்டை வலி, சிவந்த கண் என்று மூன்றும் சேர்ந்து, நீச்சல் குளத்தில் ஒன்றாக விளையாடிய பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் வருவதும் இந்த வைரஸால்தான். வேறு சில வைரஸ்கள் வெண்விழியில் இரத்தத் திட்டுகளை உண்டாக்கும். 1969-இல் கானாவில் தோன்றி உலகின் பல பகுதிகளுக்குப் பரவிய என்டெரோ வைரஸ் 70 அப்படிப்பட்டது. பார்க்கப் பயமுறுத்தினாலும், அந்தத் திட்டுகள் பெரும்பாலும் தாமே கரைந்துவிடும்.

பாக்டீரியாவால் வரும் கண்வலி பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளுக்கு அதிகம். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை, துடைத்த சிறிது நேரத்திலேயே மீண்டும் திரள்வது, காலையில் இமைகள் நன்றாக ஒட்டிக்கொள்வது ஆகியவை இதன் அடையாளங்கள். இதோடு குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலோ, காது வலி என்று அழுதாலோ கட்டாயம் காதையும் காட்டுங்கள். கண்ணையும் நடுக்காதையும் ஒரே கிருமி சேர்ந்து தாக்குவது சிறு குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவது. அப்போது கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டுப் பயனில்லை, வாய்வழி மருந்து தேவைப்படலாம்.

ஒவ்வாமையால் வருவது இரண்டு கண்களிலும் ஒன்றாகத் தொடங்கும். அரிப்புதான் இதில் முதன்மையானது. குழந்தை ஓயாமல் தேய்க்கும், தும்மும், மூக்கில் நீர் ஒழுகும், ஆனால் காய்ச்சல் இருக்காது. இது யாருக்கும் தொற்றாது.

பீளையின் நிறத்தை மட்டும் வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று முடிவு கட்ட முடியாது. வைரஸ் கண்வலியிலும் காலையில் இமை ஒட்டிக்கொள்வது உண்டு. ஆகவே இந்த ஊகம் மருத்துவரிடம் சொல்வதற்கும், வீட்டில் எதை எதிர்பார்க்கலாம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்வதற்கும்தான். மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல.

மூன்றாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகளைத் தேடுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கண் சிவந்தாலோ, இமை வீங்கிப் பீளை வந்தாலோ, அதை அவசரம் என்றே கொள்ள வேண்டும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் கோனோரியாக் கிருமி வழக்கமாக 2 முதல் 5 நாளுக்குள் கடுமையான வீக்கத்தோடும் சீழோடும் வெளிப்படும். கருவிழியைத் துளைத்துப் பார்வையைப் பறிக்கும் வேகம் அதற்கு உண்டு. கிளமிடியாக் கிருமியின் அறிகுறிகள் பொதுவாக 5 முதல் 14 நாளுக்குள் தோன்றும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் பாதிக்கலாம். இரண்டுக்கும் கண் சொட்டு மருந்து மட்டும் போதாது. இவை பாலுறவால் பரவுபவை என்பதால் தாய்க்கும் தந்தைக்கும்கூடச் சிகிச்சை வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே 1880-இல், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டாக விடத் தொடங்கிய பிறகு, அதுவரை அவரது மருத்துவமனையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த இந்தத் தொற்று நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அதற்கு முன்பு எத்தனை குழந்தைகள் பார்வையை இழந்து வளர்ந்திருப்பார்கள் என்று நினைத்தால், பச்சிளங்குழந்தையின் கண் விஷயத்தில் நாளை பார்க்கலாம் என்று சொல்ல மனம் வராது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இன்னொன்று, கண்ணீர்க் குழாய் அடைப்பு. கைக்குழந்தையின் ஒரு கண்ணில் எப்போதும் நீர் தளும்பிக்கொண்டும், அவ்வப்போது பீளை ஒட்டிக்கொண்டும் இருக்கும். ஆனால் வெண்விழி வெள்ளையாகவே இருக்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் இது தானே திறந்துகொள்ளும். நகம் வெட்டிய சுத்தமான விரலால் கண்ணின் உள்முனையில் அழுத்தி, மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி நீவிவிடும் முறையை மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். உள்முனையருகே சிவந்து வீங்கி, தொட்டால் குழந்தை துடித்தால், அது கண்ணீர்ப் பையில் தொற்று. அன்றே காட்ட வேண்டும்.

எந்த வயதுக் குழந்தையானாலும், கண்ணில் கடுமையான வலி இருந்தாலும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைப் புதைத்துக்கொண்டாலும், பீளையைத் துடைத்த பிறகும் பார்வை மங்கலாகவே இருந்தாலும், கருவிழியில் வெள்ளையாக ஏதேனும் தெரிந்தாலும், இமையில் கொப்புளங்கள் வந்தாலும், கண்ணில் அடிபட்டிருந்தாலும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சலோடு கண்ணைச் சுற்றியுள்ள தோல் சிவந்து வீங்குவது, விழி முன்தள்ளுவது, விழியை அசைக்க முடியாமல் போவது ஆகியவை கண்குழிக்குள் தொற்று இறங்கியதற்கான அறிகுறிகள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். கண்ணில் சுத்திகரிப்புத் திரவமோ சுண்ணாம்போ வேறு இரசாயனமோ பட்டிருந்தால் எங்கும் புறப்படுவதற்கு முன், சுத்தமான ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். அந்த நேரத்தில் கழுவும் நீரைவிடப் பெரிய மருந்து கிடையாது.

கண்ணோடு நிற்காத நோய்களும் உண்டு. கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண் என்று தொடங்கிச் சில நாளில் முகத்திலிருந்து கீழ்நோக்கித் தடிப்பு இறங்கினால் அது தட்டம்மையாக இருக்கலாம். காய்ச்சல் ஐந்து நாளோ அதற்கு மேலோ விடாமல் அடித்து, பீளையே இல்லாமல் இரு கண்களும் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செக்கச் சிவந்து, கை கால்கள் வீங்கினால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் தொமிசாக்கு கவாசாகி 1967-இல் விவரித்த இந்த நோய் இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் அந்தப் பாதிப்பு பெருமளவு குறையும். கண்மணியில் வெள்ளை ஒளி தெரிந்தால், குறிப்பாக ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், கண்ணில் சிவப்பு இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள். விழித்திரைப் புற்றுநோய் அப்படித்தான் வெளித்தெரியும்.

நான்காம் படி: கண்ணைச் சுத்தம் செய்யுங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால், குழந்தைக்கு உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி கண்ணைச் சுத்தமாக வைத்திருப்பதுதான். நீரைக் கொதிக்க வைத்து, மூடி, வெதுவெதுப்பாகும் வரை ஆற விடுங்கள். சுத்தமான பஞ்சையோ மெல்லிய காஸ் துணியையோ அதில் நனைத்துப் பிழிந்து, மூக்கோரத்திலிருந்து காதோரம் நோக்கி ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு முறைக்கு மட்டுமே. துடைத்த பஞ்சை மீண்டும் நீரில் முக்கக் கூடாது, மற்றக் கண்ணுக்கும் கொண்டுபோகக் கூடாது. இமைமயிரில் கெட்டியாக ஒட்டிய பீளையைப் பிய்த்தால் மயிரும் சேர்ந்து வரும், குழந்தை அடுத்த முறை கிட்டவே விடாது. ஊற வைத்து எடுத்தால் அழுகையின்றி வேலை முடியும். நாளுக்கு மூன்று நான்கு முறை, பீளை அதிகமென்றால் இன்னும் சில முறை செய்யலாம். பயன்படுத்திய பஞ்சை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

எரிச்சல் அதிகமாக இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் சிறிது நேரம் வைக்கலாம். ஒவ்வாமை அரிப்புக்கு இது நன்றாகவே ஆறுதல் தரும். காய்ச்சலோ வலியோ இருந்தால் குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தரக் கூடாது. தாய்ப்பால், தேன், இலைச்சாறு என்று எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம். அன்போடு ஊற்றினாலும் அவற்றோடு புதுக் கிருமிகளும் உள்ளே போகும்.

ஐந்தாம் படி: மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்

அடினோ வைரஸுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எந்த நன்மையும் செய்யாது. பாக்டீரியாக் கண்வலியும் பல குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குள் மருந்தில்லாமலே ஆறும். மருந்து அந்தக் காலத்தைச் சற்றுக் குறைக்கிறது. எனவே மருத்துவர் மருந்து எழுதாமல், சுத்தம் செய்யுங்கள், இரண்டு மூன்று நாளில் திரும்ப வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால் அதை அலட்சியம் என்று எண்ணாதீர்கள். என் பார்வையில் அது கவனமான மருத்துவம்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தையோ, அண்டை வீட்டுக் குழந்தைக்கு எழுதியதையோ விட வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள் இதில் மிக ஆபத்தானவை. ஒரே நாளில் சிவப்பு வடிந்துவிடுவதால் மருந்து கேட்கிறது என்ற நம்பிக்கையைத் தரும். ஆனால் அந்தச் சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால், அது கருவிழியை அரித்துத் தழும்பாக்கிவிட வழி செய்யும். நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். குப்பியின் மேல் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் இருந்தால், கண் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மருந்து விடுவதும் ஒரு கைப்பழக்கம்தான். குப்பியை உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் குளிர்ச்சி போய்விடும். ஒத்துழைக்கும் குழந்தையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழிமையை இழுத்தால் உண்டாகும் பள்ளத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணுக்குள் அதற்கு மேல் இடமில்லை; இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். இறுக மூடிக்கொள்ளும் குழந்தையோடு மல்லுக்கட்ட வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளவே சொல்லி, மூக்கோரமாக உள்ள கண்முனையில் ஒரு சொட்டை விட்டுவிட்டுக் காத்திருங்கள். அங்கே தேங்கிய சொட்டு, குழந்தை கண்ணைத் திறந்ததும் தானே உள்ளே இறங்கும். கைக்குழந்தைக்கு ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள மற்றவர் விடுவது எளிது. குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது.

இரண்டு மருந்துகள் எழுதியிருந்தால் இடையே ஐந்து நிமிடம் விடுங்கள். களிம்பு இருந்தால் அதைக் கடைசியில் போடுங்கள். களிம்பு போட்டதும் பார்வை சிறிது நேரம் மங்கும் என்பதால் தூங்கப் போகும் நேரம் அதற்குப் பொருத்தமானது. கண் தெளிந்துவிட்டது என்று இரண்டாம் நாளே ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடாமல், எழுதிய நாள் வரை விடுங்கள். மருந்தை இரண்டு மூன்று நாள் விட்ட பிறகும் முன்னேற்றம் இல்லையென்றாலோ, இமை மேலும் சிவந்து தடித்தாலோ மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். சில குழந்தைகளுக்கு மருந்தே ஒவ்வாமல் போவதுண்டு.

ஆறாம் படி: வீட்டுக்குள் பரவாமல் தடுங்கள்

கண்வலி வந்தவரைப் பார்ப்பதால் கண்வலி வராது. அந்தக் கண்ணீரும் பீளையும் பட்ட கை, துண்டு, தலையணை உறை, பொம்மை ஆகியவற்றின் வழியாகவே அது அடுத்த கண்ணை அடைகிறது; சளி இருந்தால் இருமல், தும்மல் வழியாகவும் பரவும். அடினோ வைரஸ் காய்ந்த பரப்புகளில் பல நாள் உயிர்ப்போடு இருக்கும், ஆல்கஹால் கை சுத்திகரிப்பானுக்கும் எளிதில் அடங்காது. அதனால் சோப்பும் நீரும் கொண்டு 20 நொடி தேய்த்துக் கழுவுவதே நம்பகமானது. கண்ணைத் துடைப்பதற்கு முன்பும் பின்பும், மருந்து விடுவதற்கு முன்பும் பின்பும் கழுவுங்கள். குழந்தையின் கையையும் அடிக்கடி கழுவிவிடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நோயுற்ற குழந்தைக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை வேண்டும். அவற்றை நாள்தோறும் மாற்றிச் சுடுநீரில் துவையுங்கள். கண்ணைத் தேய்க்காதே என்று இரண்டு வயதுக் குழந்தையிடம் நூறு முறை சொல்வதைவிட, அதன் கைக்கு ஏதாவது வேலை கொடுப்பது பலிக்கும்.

அடினோ வைரஸ் தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 5 முதல் 12 நாள் வரை ஆகலாம் என்பதால், ஒரு குழந்தைக்குக் குணமாகும் வேளையில் மற்றொன்றுக்குத் தொடங்கினால் வியப்படைய வேண்டாம்.

பள்ளிக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ அனுப்பலாமா என்பதற்கு எல்லா இடத்துக்கும் ஒரே பதில் இல்லை. காய்ச்சல் இல்லாமல் குழந்தை நன்றாக விளையாடினால் கண்வலிக்காக மட்டும் நிறுத்தத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் போன்ற அமைப்புகள் கூறுகின்றன. பிரிட்டனின் பொதுச் சுகாதார வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. கண்ணிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும் நாட்களில், கையைக் கழுவத் தெரியாத சிறு குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வதே மற்றக் குழந்தைகளுக்கு நல்லது என்பது என் கருத்து. எப்படியானாலும் ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வகுப்பில் அடுத்த குழந்தைக்குக் கண் சிவக்கும்போது அவர்கள் விழிப்போடு இருப்பார்கள். கண் தெளியும் வரை நீச்சல் குளம் வேண்டாம்.

குணமாகும் போக்கு

வைரஸ் கண்வலி மூன்றாம் நான்காம் நாளில் கூடுவதுபோல் தோன்றி, பிறகு மெல்ல வடிந்து, ஓரிரு வாரத்தில் மறையும். சிலருக்கு மூன்று வாரம் வரை இழுக்கும். முதல் சில நாட்கள் கூடுவதைக் கண்டு மருத்துவரை மாற்றி மாற்றி ஓட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் படியில் சொன்ன அறிகுறிகளைத் தினமும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடினோ வைரஸின் சில வகைகள் கருவிழியில் நுண்ணிய புள்ளிகளை விட்டுச்செல்லும். சிவப்பு போன பிறகும் குழந்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ, படத்தை மிக அருகில் வைத்துப் பார்த்தாலோ கண் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள். திறந்த சொட்டு மருந்துக் குப்பியை, மிச்சம் எவ்வளவு இருந்தாலும், சிகிச்சை முடிந்ததும் எறிந்துவிடுங்கள். பெரும்பாலான குப்பிகள் திறந்த 28 நாளுக்குப் பின் பயன்படுத்தத் தகாதவை.